இருபது வோல்ட் என்று நான் சொல்லியிருந்தேன்

அப்பா இன்னும் ஹாலில்தான் இருக்கிறார். போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று எங்கள் ரோபோட்டிக்ஸ் கிளப் வண்டி, சுவிட்சை அணைத்தும் நிற்கவில்லை. நேராகப் போய் லேப் அலமாரியின் கண்ணாடியை உடைத்தது.

மோட்டாரை ஓட்டும் டிரான்சிஸ்டரின் கேட், அதாவது அதை ஆன்-ஆஃப் செய்யும் கால், இருபது வோல்ட்தான் தாங்கும். எங்கள் பேட்டரியோ இருபத்து நான்கு. கேட்டுக்குப் பன்னிரண்டுக்கு மேல் போகாதபடி ஒரு ரெசிஸ்டரும் சீனர் டையோடும் வைத்திருந்தேன்.

நேற்று தலைவி ஷாலினி அக்கா அந்த டையோடைப் பார்த்தார். "இது எதுக்குலா? இருபதுன்னு போட்டிருந்தா இருபத்தஞ்சு தாங்கும். நீ ரொம்பதான் பயப்படுற."

அவரே கழற்றினார். நேற்று ஓடியது. இன்று கேட் எரிந்துபோய், சுவிட்சை அணைத்தும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

"யாரு சால்டர் பண்ணது?" என்று டீச்சர் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அக்காதான் முதலில்.

"ஆபத்துன்னு தெரிஞ்சா முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்றார் டீச்சர்.

நாளை அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார். இன்னும் வீட்டில் சொல்லவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கரண்டு வேலை" என்பவர் அப்பா. அவர் வந்தால் எனக்குக் கிளப் அன்றோடு முடிந்தது.

போன வாரமே டிரான்சிஸ்டரின் விவரத் தாளில் அந்த இருபதை வட்டமிட்டுப் படம் எடுத்து, கிளப் குரூப்பில் போட்டிருந்தேன். இப்போதுதான் தேடி எடுத்தேன். அதன் கீழே இரண்டே இரண்டு கட்டைவிரல்கள். ஒன்று அக்காவுடையது. இன்னொன்று டீச்சருடையது.

நாளைக்கு இதை டீச்சரிடமே காட்டலாமா? யாராவது பதில் எழுதுங்கள். தயவுசெய்து கட்டைவிரல் மட்டும் போடாதீர்கள்.