பனியில் வைத்த வெப்பமானி

வெர்னா காங்கஸ்தான் எங்கள் பக்கத்துக்குத் தபால் கொண்டுவருபவர். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே நாற்பது மைல் பனிச்சாலையில் தினமும் வண்டி ஓட்டுவார். கூரைக்கு மேலே எழும் புகையைப் பார்த்தே எந்த வீட்டுக் குளிர்காயும் அடுப்பில் ஈர விறகு எரிகிறது என்று சொல்லிவிடுவார். அந்த வீட்டுக்குக் கடிதத்தோடு கண்டிப்பும் வந்து சேரும்.

அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் வெர்னாவின் எதிர்வீட்டு ஆர்விட் லுவோமா. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் போட்ட கட்டை மாலைவரை புகைந்துகொண்டிருக்க வேண்டும் அவருக்கு. அதற்காக அடுப்பின் காற்றுத் திறப்பை அடைத்தே வைத்திருப்பார்.

"யோவ் ஆர்விட், காத்தை அடைச்சு வச்சா புகை சூடில்லாம மேல போகும். போற வழியில குளிர்ந்து புகைக்குழாய்க்குள்ள தார் மாதிரி ஒட்டும். ஒருநாள் அந்தத் தாரே பத்திக்கும். குழாய்ல ஒரு வெப்பமானி ஒட்டி வையேன்."

"எனக்கு எதுக்கு அது? கால் சூடா இருந்தா சரி."

"என்னுத வந்து பாரு. பதினோரு வருஷமா முள்ளு முந்நூறு டிகிரியிலயே நிக்குது."

"அப்ப உன் அடுப்புக்கு மெடல்தான் குத்தணும்."

வெர்னா சொன்னது பொய்யில்லை. முள் முந்நூறைத் தொட்டதும் காற்றுத் திறப்பைக் குறைத்துவிடுவார். அந்த முள் மேல் இருந்த நம்பிக்கையில் மூன்று குளிர்காலமாகப் புகைபோக்கியைச் சுத்தம் செய்யக்கூட ஆளைக் கூப்பிடவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், காலி அட்டைப்பெட்டிகளை மொத்தமாக அடுப்புக்குள் திணித்தார். ஐந்தே நிமிடத்தில் சுவருக்குள் ரயில் ஓடுவதுபோலச் சத்தம். குழாய் நடுங்கியது. என்னவென்று அவருக்கு உடனே புரிந்தது. அடுப்புக் கதவை இறுக்கி, காற்றை முழுக்க அடைத்து, தீயணைப்புக் குழுவுக்குப் போன் செய்துவிட்டு வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினார். புகைபோக்கிக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்குத் தீ.

ஆர்விட் ஏற்கெனவே பனியில் நின்றுகொண்டிருந்தார்.

"வெர்னா, எரியறது உன் வீடும்மா."

"தெரியுது. வாயை மூடு."

அவர் வாயை மூடிக்கொண்டு தன் கோட்டைக் கழற்றி வெர்னாவுக்குப் போர்த்திவிட்டார்.

தீயணைப்புக் குழு வந்து அணைத்தது. வீடு தப்பியது, புகைபோக்கியின் உள்குழாய் மட்டும் விரிசல் விட்டிருந்தது. குழுத் தலைவர் டெல்பர்ட், வெப்பமானியைப் பிடுங்கி வந்து சூடு ஆறியதும் பனிக்குள் புதைத்தார். முள் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்க மறுத்தது.

"இது கெட்டுப் போய் எத்தனை வருஷமோ. நீங்க முந்நூறுன்னு நினைச்சப்பல்லாம் இருநூறுகூட இருந்திருக்காது. பாதி சூட்டுலயே காத்தை அடைச்சிருக்கீங்க. அதான் உள்ள இவ்வளவு தார்."

வெர்னாவின் முகம் சிவந்துபோனது. மறுநாள் விடுப்பு எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தாராம். ஆனாலும் வண்டியை எடுத்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு தானே சொன்னார்: "ஆமா, என் குழாய்தான். உங்க வெப்பமானியையும் கழட்டிப் பனியில வச்சுப் பாருங்க." இருபதாவது வீட்டுக்கு வரும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரம் எங்கள் சாலையில் மூன்று வெப்பமானிகள் குப்பைக்குப் போயின. அதில் ஒன்று என்னுடையது.

புதுக் குழாய் வரும்வரை பத்து நாள் வெர்னா ஆர்விட் வீட்டுப் பின்னறையில் தங்கினார். முதல் வேலையாக ஆளை வரவழைத்து அந்த வீட்டுப் புகைபோக்கியைச் சுரண்ட வைத்தார்; இரண்டு வாளி கறுப்புச் செதில் விழுந்தது. பிறகு காய்ந்த விறகைச் சன்னமாகப் பிளந்து, காற்றைத் திறந்துவிட்டு எரித்தார். ஆர்விட் ஜனவரிக் குளிரில் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"இப்படி எரிச்சா மார்ச்சுக்குள்ள என் விறகு தீர்ந்துடும், வெர்னா."

"தீர்ந்தா என் கொட்டகையில எடுத்துக்க. இப்ப ஜன்னலைத் திற, வேர்க்குது."