கண்ணாடி அறுத்த கையும் ஒரு ‘பிரிபிரி’யும்

கார்ஹிங்கில் காலை ஆறு இருபதுக்குப் பாதாள ரயில் ஏறினேன். மியூனிக் பெரிய ஸ்டேஷனில் இறங்கி, ஒரு காப்பியும் உப்புத் தூவிய முறுக்கு ரொட்டியும் (இரண்டும் சேர்த்து ஆறு யூரோ நாற்பது, அநியாயம்!) வாங்கிக்கொண்டு, எசன் போகும் அதிவேக ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிக்கெட் நாற்பத்தேழு யூரோ தொண்ணூறு. அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் ஒரு சின்னப் பையும், மனசில் பெரிய கவலையும்.

கவலை ஹிரோஷியைப் பற்றியது. ஜப்பான்காரன். கார்ஹிங் ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருஷம் எனக்குப் பக்கத்து மேஜை. லேசர் கருவிக்குள் நகத்தளவு கண்ணாடிகளை விரல் நுனியாலேயே நேராக்குவான். நாங்களெல்லாம் திருகாணியைப் பிடித்துக்கொண்டு திண்டாடுவோம். பிறகு எசனில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நாலு மாதத்துக்கு முன் வீட்டுச் சமையலறைக் கதவின் கண்ணாடி உடைந்து அவன் வலது முன்கையில் இறங்கியது. நரம்பைத் தைத்துச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரக்கட்டை. கொதிக்கிற கெட்டிலைத் தொட்டுக் கொப்புளம் வந்ததே, கண்ணால் பார்த்தபின்தான் அவனுக்குத் தெரிந்ததாம்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு டாக்டரைப் பார்க்க டெர்மின், குறித்துக் கொடுத்த நேரம். நரம்பில் இன்னும் உயிர் தெரியவில்லை என்றால் மறுபடி கையைத் திறந்து, காலிலிருந்து நரம்பெடுத்து ஒட்ட வேண்டும். அதன்பிறகும் பழைய விரல் கிடைக்குமா என்பது சந்தேகம். போனில் இதையெல்லாம் வானிலை அறிக்கை மாதிரிச் சொன்னான். “நீ வரணும்னு இல்லை” என்று மூன்று தரம் சொன்னான். மூன்றாவது தரம் சொன்னபோதே நான் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஒன்பதரை மணி. வெளியே மழை. ஹிரோஷி பக்கத்தில் இருந்திருந்தால் இந்த மழைக்கும் ஒரு சத்தம் சொல்லியிருப்பான். அவன் ஊர்ப் பேச்சில் சத்தத்துக்கு மட்டுமல்ல, சத்தமே இல்லாத உடம்புத் தொல்லைக்கும் இரட்டை இரட்டையாகச் சொல் உண்டு. பல் வலித்தால் ‘ஸுகிஸுகி’. நம்ம ‘விண்விண்’தான்! முள் குத்துவது ‘சிகுசிகு’, நமக்கு ‘சுருக்சுருக்’. மூக்கு குறுகுறுத்தால் ‘முஸுமுஸு’. நெஞ்சு திக்திக்கென்றால் ‘டொகிடொகி’. கரண்ட் பட்டால் ‘பிரிபிரி’. மதியச் சாப்பாட்டில் “எப்படி?” என்று ஒருத்தரையொருத்தர் கேட்டு, ஆளுக்கொன்றாகச் சொல்லி விளையாடுவோம். பக்கத்தில் உட்காரும் ஜெர்மன்காரர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒருநாள் பேச்சே நின்று அறை அமைதியானபோது ‘ஷீ...ன்’ என்றான். என்னடா என்றேன். “சத்தம் இல்லாததோட சத்தம்” என்றான். அதற்கு என்னிடம் பதில் சரக்கு இல்லை. தோற்றுப்போனேன்.

பன்னிரண்டரைக்குச் சற்று முன் எசன். ஸ்டேஷன் வாசலில் டாக்சி. என் முகத்தைப் பார்த்ததும் ஓட்டுநர் தமிழுக்குத் தாவிவிட்டார். அறுபது வயதிருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர்.

“ஆசுப்பத்திரிக்கோ தம்பி? ஆருக்குச் சுகமில்லை?”

“என் சிநேகிதனுக்குண்ணே. கையில நரம்பு வெட்டுப்பட்டிருச்சு. நாலு மாசமா உணர்ச்சியே இல்ல.”

“எனக்கும் வெட்டினது, ரெஸ்ரோறன்ட் குசினியிலை, சமைக்கேக்கை.” ஸ்டியரிங்கை விடாமல் மணிக்கட்டைத் திருப்பித் தழும்பைக் காட்டினார். “கட்டை மாதிரிக் கிடந்தது. பிறகு கையிலை எங்கையாவது தட்டுப்பட்டால் சுர்ர்ர் எண்டு கரண்ட் ஓடும். பழுதாப் போச்செண்டு பயந்து நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ரை மனுசிதான் டொக்டரிட்டை இழுத்துக்கொண்டு போனவ. பாத்தால், நரம்பு வளருதாம்! அதுதான் அப்பிடியாம்.”

“இப்ப சரியாயிருச்சாண்ணே?”

“ஓம் ஓம். குளிருக்கு மட்டும் கொஞ்சம் விறைக்கும். பயப்பிடாதேங்கோ.”

பதினாலு யூரோ அறுபது. இறங்கும்போது “சிநேகிதனைக் கேட்டதாச் சொல்லுங்கோ” என்றார். அவர் யாரென்று ஹிரோஷிக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஹிரோஷி வாசலில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். வலது கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துவைத்திருந்தான். குனிந்து வணங்கினான். நானும் வணங்கினேன். “சாப்பிட்டியா?” என்றேன். “நல்லா” என்றான். சாப்பிடவில்லை என்று அர்த்தம். கான்டீனில் ஆளுக்கொரு சூப் குடித்தோம். கரண்டியை இடது கையில் பிடித்திருந்தான்.

இரண்டு பத்துக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி. என்னையும் உட்காரச் சொன்னார்.

“வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்?”

“பூஜ்யம்.”

கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் விரல் நுனிகளைத் தொட்டார். “தெரிகிறதா?” “நைன்.” இல்லையாம். அடுத்த விரல். “நைன்.” அடுத்தது. “நைன்.”  பிறகு முழங்கைப் பக்கத்திலிருந்து மணிக்கட்டு நோக்கி விரலால் தட்டிக்கொண்டே வந்தார். “ஏதாவது?” “நைன்.” ஆனால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே தட்டியபோது அவன் இடது முழங்கால் துள்ளியது. உதடு லேசாக அசைந்தது. சத்தம் வரவில்லை. ஐந்து வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றவனுக்கு அந்த உதடு தெரியாதா?

பிரிபிரி.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். “அப்படியானால் அறுவை சிகிச்சைக்கு...” என்று ஆரம்பித்தார்.

“மன்னிக்கணும் டாக்டர், இவன் பொய் சொல்றான்!” என்று கத்திவிட்டேன். என் ஜெர்மனில் அதைவிட நாசூக்கான வாக்கியம் கைவசம் இல்லை.

 ஹிரோஷியின் காது சிவந்துவிட்டது.

“டேய், சொல்லுடா. தட்டினப்ப பிரிபிரின்னுச்சா இல்லையா?”

தரையைப் பார்த்தான். “அது வலி இல்லை. தொடுவதும் இல்லை. அவர் கேட்டது அதை அல்ல. தெளிவில்லாத ஒன்றைச் சொல்லி அவர் நேரத்தை...”

“உன் மரியாதையில இடி விழ!”

எப்படி இருந்தது என்று அந்தம்மா கேட்டார். நான் மேஜைமேல் விரல்களைப் படபடவென ஓடவிட்டு, தமிழில் சுர்ர்ர் என்றும் ஜப்பானியத்தில் பிரிபிரி என்றும் சொல்லி, கரண்ட் பட்டவன் மாதிரி உதறியும் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. “ஆ! க்ரிபெல்ன்!” என்றார். பார்த்தீர்களா, அவர்களிடமும் ஒன்று இருந்திருக்கிறது.

மறுபடி தட்டினார், இப்போது அங்குலம் அங்குலமாக. இந்த முறை ஹிரோஷி வெட்கத்தைவிட்டு உரக்கச் சொன்னான். “இல்லை. இல்லை. பிரி... பிரிபிரி! விரல் வரைக்கும் போகிறது!” அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார். தழும்பிலிருந்து அளந்து பார்த்தால் பதினொரு சென்டிமீட்டர்.

“நரம்பு இதுவரை நடந்து வந்திருக்கிறது. இனி விரலுக்கும் போகும், மெதுவாக. கத்தி வேண்டாம். ஆறு வாரம் கழித்து வாருங்கள்” என்றார்.

வெளியே வந்ததும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஊரில் என்ன வழக்கமோ, எனக்குத் தெரியாது. எங்கள் தூத்துக்குடி வழக்கப்படி முதுகைத் தடவிக்கொடுத்தேன். மூன்று வாரமாக அது இருந்ததாம். கெட்டது என்று நினைத்து, யாரையும் தொல்லைப்படுத்தாமல் தனியாகவே வைத்திருந்தானாம்.

ஐந்தே முக்காலுக்குத் திரும்பும் ரயில். எங்கள் ஊரில் வழியனுப்ப வந்தவர்கள் கட்டிப்பிடிக்காமல் விட மாட்டார்கள். இவன் எத்தனை வருஷத்திலும் குனிந்து வணங்கியதோடு சரி. பிளாட்பாரத்தில் அப்படித்தான் குனியப்போகிறான் என்று நானும் முதுகை வளைத்தேன். அவனோ பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினான்.

பிடித்துக்கொண்டேன். அவனுக்கு என் பிடி தெரியவில்லை. ஆகவே எங்கள் கைகளையே கண் கொட்டாமல் பார்த்து, பிடி தளர்ந்துவிடக் கூடாதே என்று மேலும் மேலும் இறுக்கினான். என் விரல் எலும்புகள் நொறுங்கிவிடும் போலிருந்தது. பரவாயில்லை என்று பல்லைக் கடித்தேன். மறுகணம், நானும் இவனை மாதிரியே மறைக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“வலிக்குதுடா!” என்றேன்.

கையை விடவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, ஆவலோடு கேட்டான்:

“எப்படி?”