பாட்டுக்குப் பின்னால் ஊதியவர்

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்களுக்கு ஞாயிறு என்றால் முதலில் மாதா கோயில் மணி. அப்புறம் தெரு முழுக்க மட்டன் குழம்பு வாசனை. அந்த வாசனை அடங்கும் நேரத்தில் ஒரு கேள்வி: "இந்த வாரம் உங்க வீட்ல என்ன சுத்துச்சு?"

மற்ற தெருக்களில் உடம்பு தேவலையா என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் இசைத்தட்டை விசாரித்தோம். ஒரு வீட்டில் எந்தத் தட்டு சுற்றியது என்று தெரிந்துவிட்டால், அங்கே யாருக்கு யார்மேல் கோபம், யாருக்குக் காய்ச்சல் விட்டது, யார் ஊர் ஞாபகத்தில் சோறு வேண்டாம் என்றார்கள் எல்லாம் தெரிந்துவிடும். நாற்பதைத் தாண்டியும் ஓரிடத்தில் உட்காராத கால் எனக்கு. வீடு மாறினேன், வேலை மாறினேன். அந்த முன்னறையை விட்டு மட்டும் மனசு நகரவில்லை. நாங்கள் கேட்கத் தெரிந்தவர்கள். இதைக் கர்வமாகவே எழுதுகிறேன்.

முன்னறை தந்தி ஐயாவுடையது. தந்தி ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ரேடியோவும் கிராமபோனும் ஒன்றாகச் சேர்ந்த அவருடைய ரேடியோகிராம் தேக்கு மரத்தில் பீடம் மாதிரி நிற்கும். அதன் மேல் பூச்சாடி வைக்கக்கூடாது, டம்ளர் வைக்கக்கூடாது, அதன் பக்கத்தில் நின்று தும்மக்கூடாது. இசைத்தட்டை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். விரல் ரேகை பட்டுவிட்டால், பட்ட விரலுக்குச் சொந்தக்காரரை அவர் அந்த மாதம் முழுவதும் குற்றவாளியைப் போலத்தான் பார்ப்பார்.

அங்கே வருகிறவர்கள் கொயர் டீச்சர், மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்த பாய், அப்புறம் நானும் என் மனைவியும். டீச்சர் கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். பாய் தன் தட்டுகளைக் கோட்டுத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வருவார். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி கோலார் தங்கவயலில் இருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தட்டைக் கொண்டுவந்தவர் அது ஓடி முடியும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. முடிந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் காதில் விழுந்ததைச் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. "நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு உப்புமா போதும், பாட்டு எதுக்கு?" என்பார் தந்தி ஐயா. அதன் பிறகு அந்தத் தட்டு வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றும். அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்காரர், ஏழு நாளும் வைத்துக் கேட்டதில் புதிதாக என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும்.

என் மனைவியின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில், ஒரே ஒரு தட்டு இருந்தது.

அதில் பாடியவர் அந்தக் காலத்தில் பெயர் எடுத்தவர். பாட்டுக்குப் பின்னால் கிளாரினெட் ஊதியவர் என் மாமனார். சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவர். மேலே வந்தால் காலனி பேண்ட் செட். கல்யாணம், சாவு, கோயில் பவனி எல்லாவற்றுக்கும் அவர் ஊத வேண்டும். மதராஸில் பாட்டுப் பதிவுக்கு வழக்கமாக ஊதுகிறவருக்கு அம்மை போட்டுவிட, யாரோ யாரிடமோ சொல்லி இவரைத் தேடி ஆள் வந்தது. ஷிப்ட் முடித்த கையோடு ரயில் ஏறினார். ஊதினார். அடுத்த ஷிப்டுக்குத் திரும்பிவிட்டார். பிறகு தபாலில் ஒரு தட்டு வந்தது. வீட்டில் மிஷின் இல்லை. காலனி டீக்கடையில் ஒருமுறை போட்டுக் கேட்டார்கள். கடைச் சத்தத்தில் பாதிதான் கேட்டதாம்.

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் பாடகர் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி, 'பக்கவாத்தியங்களுடன்'. பிழை திருத்துகிற என் கண்ணுக்கு அங்கே ஒரு பெயர் விட்டுப்போனது பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அச்சாகி வந்துவிட்டதை யார் திருத்துவது?

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கைச்சாவி கிராமபோன் வாங்கியிருந்தோம். அவள் தினமும் அரிசி களைந்து வைத்துவிட்டு அந்தத் தட்டைப் போடுவாள். பாடகர் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் அவள் கை நிற்கும். "இப்ப… இப்ப வருவாரு பாருங்க." வருவார். நாலைந்து சுரம்தான். தண்ணீர்க் குடத்தைத் தலையில் இருந்து இறக்கும்போது ஒரு சொட்டு தளும்பி விழுமே, அப்படி வந்து விழும். எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டதால் நான் கேட்டது கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிறு தலையணை உறையில் தட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தந்தி ஐயா முள்ளை இறக்கினார். பாட்டு ஓடியது. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல போய் நின்னாரே, அந்த நிப்பு!" என்றார் தந்தி ஐயா. "கொடிக்கம்பம் மாதிரி. ஒரு ஆட்டம் இல்ல."

"ஹவ் ஹவ், கலா பஹுத் அச்சா, நல்ல தொண்ட," என்றார் பாய். தொண்டையைத் தடவிக்கொண்டார். "இந்த ஆளு வெத்தல போடறதில்ல, நான் எழுதித் தரேன்."

டீச்சர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "வார்த்தை ஒண்ணொண்ணும் சுத்தமா விழுது. எங்க பசங்க இருக்கே, அல்லேலூயாவையே முழுங்கிடுதுங்க."

அவ்வளவுதான். கிளாரினெட் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. இனி அவள் பேசலாம், வழக்கம் தடுக்காது. அவள் பேசவில்லை. தட்டைத் தந்தி ஐயாவிடமே ஒரு வாரத்துக்குக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பி வரும்போது நான்தான் பொறுக்காமல் கேட்டேன். "நீயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? ஆமாம்மா, நல்லாத்தான் ஊதறாருன்னுவாங்க. அது எனக்கோசரம் சொல்றது. அவங்களா கேக்கணும்."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா எங்கப்பா ஊதனது பத்தலைன்னு அர்த்தம்." கொஞ்ச தூரம் நடந்தோம். "அவரால இனிமே ஊத முடியாதுங்க. நெஞ்செல்லாம் சுரங்கத்துத் தூசி. இருக்கறது அது ஒண்ணுதான்."

வேப்பமரத்தடியில் ஒரு பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. புகை அவள்மேல் படாமல் நான் அந்தப் பக்கமாக மாறி நடந்தேன்.

அடுத்த ஞாயிறு தந்தி ஐயா, பாடகர் எங்கெங்கே மூச்சு வாங்கினார் என்று விரல் விட்டுச் சொன்னார். அந்த மூச்சுகளின் இடைவெளியில்தான் என் மாமனார் இருந்தார். ஐயா அவரைத் தாண்டித் தாண்டிக் குதித்துப் போனார். நான் பெஞ்சின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் பாய். "தங்கச்சி, உன் தட்டு என்னைக் கெடுத்துடுச்சு. அந்தத் தாளத்துக்கு என் கால் தானா மிஷின் மிதிக்குது. ஒரு பேண்டுக்குக் கால் ஒரு முழம் ஜாஸ்தி தெச்சுட்டேன்."

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து வெங்காயம் அரிந்தாள். இரண்டு பேர் சாப்பாட்டுக்கு அவ்வளவு வெங்காயம் வேண்டியதில்லை.

மூன்றாவதாகத் தட்டு டீச்சர் வீட்டுக்குப் போனது. அங்கே நடந்ததை டீச்சரே பிறகு எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டி. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அந்த மெட்டு ஒத்துவருமா என்று பார்க்க டீச்சர் ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தார். கிராமபோன் பழையது, ஸ்பிரிங் தளர்ந்தது. பாதிப் பாட்டில் சாவி தீர்ந்துவிட்டது. எழுந்து போய்ச் சாவி கொடுக்க வேண்டும். கை ஆர்மோனியத்தில், கால் துருத்தியில். எழுந்திருக்கவில்லை. பாடகரின் குரல் இறங்கி இறங்கி எருமை முக்காரம் போடுவது மாதிரி ஆகிவிட்டது. பாட்டுக் கற்க வந்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கொடிக்கம்பம் சாய்ந்த இடத்தில்தான் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தது டீச்சருக்குத் தெரிந்தது. வேகம் குறைந்ததில் அவருடைய சுரங்கள் ஒன்றொன்றாகக் கழன்று வந்தன. டீச்சர் பிள்ளைகளை அதட்டி அடக்கினார். சாவி கொடுத்து மறுபடி சரியான வேகத்தில் போட்டார். இப்போது பின்னால் நின்றவரால் மறைந்துகொள்ள முடியவில்லை.

அந்த ஞாயிறு டீச்சர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"யாரது?"

"எது யாரு?" என்றார் தந்தி ஐயா.

"பின்னால ஊதறது. அவரு வரிய முடிச்சு மூச்சு வாங்கறாரு இல்ல, அந்த நேரத்துல பாட்டு படுத்துடணும். படுக்க மாட்டேங்குது. கதவு சாத்திக்காம ஒருத்தர் கால வெச்சுப் புடிச்சிட்டு இருக்காரு. யாருன்னு கேக்கறேன்."

"ஆர்கெஸ்ட்ராவில யாராவது இருப்பான்," என்றார் தந்தி ஐயா.

"போடுங்க ஐயா. போட்டுட்டுப் பேசுங்க."

போட்டார். பாட்டு அதே பாட்டுதான். ஆனால் அந்த அறையில் எல்லாருடைய காதும் இடம் மாறிவிட்டிருந்தது. வரி முடிந்தது. நாலைந்து சுரம். பாய் கையை உயர்த்தினார், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. "அரே! இந்த ஆளு இவ்ளோ நாளா எங்க இருந்தாரு? என் கால் இவருக்குத்தான் ஆடுச்சா?" அடுத்த வரி முடிய எல்லாரும் காத்திருந்தோம். பாடகர் எப்போது நிறுத்துவார் என்று காத்திருந்தோம்! தந்தி ஐயா கண்ணை மூடிக்கொண்டார். தந்திக் கருவியைத் தட்டிப் பழகிய விரல் நாற்காலிக் கையில் அந்தச் சுரங்களைத் தட்டியது, ஒன்று விடாமல்.

பாட்டு முடிந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்து வட்டக் காகிதத்தைப் படித்தார். "பக்கவாத்தியங்களுடன். அவ்ளோதான் போட்டிருக்கான். பேரு இல்ல."

"எங்கப்பா," என்றாள் என் மனைவி.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. அந்த நிமிர்வை இன்றுவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியிருந்ததும் இல்லை, அது என் வீட்டிலேயே இருக்கிறது.

டீச்சர்தான் முதலில் வாய் திறந்தார். "ஏம்மா, மூணு வாரமா வாய மூடிக்கிட்டா இருந்தே? கல்லு நெஞ்சுடி உனக்கு."

"தங்கவயல் கல்லு டீச்சர்," என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் மாமனாரை வரவழைத்தோம். ரயிலடியில் இருந்து வீட்டுக்கு நடக்க முடியவில்லை, ஜட்கா வண்டியில் கூட்டி வந்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் ஒரு விசில். தந்தி ஐயா தன் பிரம்பு நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தட்டு சுற்றியது. டீக்கடைச் சத்தம் இல்லாமல், தன் சொந்த மூச்சை அவர் முதல்முதலாக முழுசாகக் கேட்டார். முகத்தில் எதுவும் அசையவில்லை. வலது கை விரல்கள் மட்டும் முழங்காலின் மேல் ஏறி இறங்கின. முடிந்தது. நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரெண்டாவது எடத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்," என்றார். "ரயிலுக்கு நேரமாச்சுன்னு."

பாய் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கதவு அதிர்ந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தந்தி ஐயா எழுந்து போய், சட்டைப்பையில் இருந்து பேனாவைக் கழற்றினார். விரல் ரேகைக்கே முகம் சுளிக்கிற மனிதர், தட்டை மேசைமேல் வைத்து, உள்ளங்கையை அதன்மேல் அழுத்திப் பிடித்தார்.

"பேரு சொல்லுங்க. முழுப் பேரு."

மாமனார் மகளைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். தந்தி ஐயா 'பக்கவாத்தியங்களுடன்' என்பதற்குப் பக்கத்தில், தந்தி எழுதுகிற தெளிவான கையெழுத்தில், எழுத்து எழுத்தாக எழுதினார். கீழே 'கிளாரினெட்' என்று போட்டு ஒரு கோடும் இழுத்தார். நான் ஆயுள் முழுக்கத் திருத்திய பிழைகளில் ஒன்றுகூட அப்படித் திருந்தியதில்லை.

அந்த வழவழப்பான காகிதத்தில் மை சீக்கிரம் காயவில்லை. மாமனார் குனிந்து அதை ஊதப் பார்த்தார். விசில் மட்டும் வந்தது, காற்று எட்டவில்லை. என் மனைவி அவர் தோளில் கைவைத்துக் குனிந்து, உதட்டைக் குவித்து, மெல்ல ஊதினாள். மை காய்ந்தது.