அரை மீசைக்காரர் வாய் திறந்த நாள்

அழும்போது தலை வீங்குகிற ஒரு பையனைப் பற்றி நான் நாலாம் வகுப்பு முழுக்கக் கவலைப்பட்டேன்.

அவன் டிவியில் வருகிறவன். ஜப்பான்காரர்கள் வரைந்த கார்ட்டூன் தொடர். பனை மட்டையை நிறுத்தி வைத்ததுபோல் முடி, அவனைவிடப் பெரிய கத்தி, கண்ணில் எப்போதும் தளும்பத் தளும்பத் தண்ணீர். அவன் ஊர் எரிந்துபோயிருக்கும். அவன் கூட்டாளி மலையிலிருந்து விழுந்துகொண்டிருப்பான். இவன் கையை நீட்டிக் கத்துவான். எனக்கும் கை தானாக நீளும். அந்த நேரம் பார்த்து அவன் தலை பூசணிக்காய் அளவுக்கு வீங்கும், கால் இரண்டும் தீக்குச்சியாகிவிடும், மூக்கிலிருந்து சளி பலூன் மாதிரி ஊதிக்கொண்டு வரும். டொய்ங் என்று ஒரு சத்தம். என் தம்பி தரையில் உருண்டு உருண்டு சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. விழுந்துகொண்டிருந்த கூட்டாளி என்ன ஆனான்? அவனை யார் பிடித்தார்கள்? அதைச் சொல்லாமல் இப்படி விளையாடினால் எப்படி?

பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டுவிட்டேன். இந்தக் கவலைப்படுகிற பழக்கத்தைத்தான் இன்னும் விட முடியவில்லை. ஒரு கதை என்றால் அது அழுகிற கதையா, சிரிக்கிற கதையா என்று முதலிலேயே தெரிந்தாக வேண்டும் எனக்கு. தெரிந்துவிட்டால் அதற்கேற்ப உட்கார்ந்துகொள்ளலாம். இந்தத் தொடரில் எப்படி உட்காருவது என்றே புரியாது.

அது எங்கள் வீட்டில் ஹிந்தியில் வந்தது. மரக்காணத்தில் எங்கள் தெருவில் ஹிந்தி தெரிந்த ஒரே ஆள் மாமா, அம்மாவின் தம்பி. ஒரு சீசன் குஜராத்துக்கு உப்பள வேலைக்குப் போய்வந்தவர். எங்கள் வீட்டிலேயே தங்கி, அப்பாவோடு இங்கே உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். சாயங்காலம் அஞ்சரைக்குத் தொடர் ஆரம்பித்ததும் மாமா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொள்வார். யார் வாய் அசைந்தாலும் அவர் தமிழில் பேசுவார். பையனுக்குக் கீச்சுக் குரல். பையனுக்கு ஒரு தலைவர் உண்டு, பாதி மீசை எரிந்துபோன கப்பல்காரர். நாங்கள் அரை மீசை என்போம். அவருக்கு அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரிக் குரல்.

"ஏண்டா, ஒலகத்த காப்பாத்தப் போறேன்னு சொல்லிட்டு இங்க இன்னாடா குந்திக்கினு இருக்கிற?" என்பார் அரை மீசை. ஜப்பான்காரர்கள் எங்கள் தெருக்காரர்கள் மாதிரியே பேசுகிறார்களே என்று எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் தினமும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

"மாமா, அவன் நெஜமா அழுவுறானா, சும்மா அழுவுறானா?" என்று நான் கேட்பேன்.

"எனக்கு இன்னா பாப்பா தெரியும்? எனக்கே இப்பதான் சொல்றான்."

அந்த வருஷம்தான் அப்பா முதல்முறையாகச் சில உப்புப் பாத்திகளைச் சொந்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அதுவரை அடுத்தவர் உப்பைக் கூலிக்கு வாரியவர். வைகாசியில் எங்கள் குவியல் வீட்டுக் கூரை உயரத்துக்கு நின்றது. லாரி வருகிறவரை மழைக்கு மூட ஒரு பெரிய நீலத் தார்ப்பாய். அதில் ஒரு மூலை கிழிந்து, அம்மா வெள்ளைச் சாக்கை வைத்துத் தைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் திண்டிவனத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். அன்றைக்கு எக்கியார்குப்பத்தில் மாமாவின் சிநேகிதர் வீட்டில் காது குத்து. பந்தல் போடுகிறவர் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. சிநேகிதர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். யார் எது கேட்டாலும் மாமாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. இந்த வெயிலில் மழையாவது வருவதாவது என்று தார்ப்பாயைச் சுருட்டி எடுத்துப்போய் அவரே கட்டிக்கொடுத்துவிட்டார். எங்களையும் கூட்டிப்போனார். பிரியாணிக்கு உட்கார்ந்தபோது அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைச் சாக்கு ஒட்டுப் போட்ட மூலை நேராக என் தலைக்கு மேலே இருந்தது. இது நம்முடையதாயிற்றே, உப்பை இப்போது யார் மூடியிருக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஐஸ்கிரீம் கப்பு வந்துவிட்டது.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. தார்ப்பாய்க்குக் கீழே ஒருவர்மேலும் ஒரு சொட்டு விழவில்லை. நல்ல தார்ப்பாய் என்று எல்லோரும் பாராட்டினார்கள். மாமா மட்டும் இலையை விட்டு எழுந்து மழையில் ஓடினார்.

உப்பு கரைந்தது போக மிஞ்சியதில் சேறு கலந்திருந்தது. அப்பா திட்டவில்லை. மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அவர் தனியாக உப்பளத்துக்குப் போனார். மாமா லாரிக்கு லோடு ஏற்றப் போனார். ராத்திரி இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "உங்க மாமாவ சாப்ட சொல்லு" என்பார் அப்பா என்னிடம். "பசிக்கலன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பார் மாமா. நான் இந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, அந்தப் பக்கம் திரும்பி ஒருமுறை, ஒரு சொல் பிசகாமல் சொல்லுவேன். பிசகினால் சண்டை பெரிதாகிவிடும் என்று பயம். தம்பி ஒவ்வொரு சேதிக்கும் நடுவில் டொய்ங் என்பான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைப்பாள்.

டிவி மட்டும் நிற்கவில்லை. அஞ்சரைக்கு மாமா வந்து குரல் கொடுத்தார். அப்பா வாசல்படியில் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். சில சமயம் அவர் தோள் மட்டும் குலுங்கும். குளிர் ஜுரம் என்று நினைத்து நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நீ போய் குந்து" என்றாள்.

பத்து நாள் இப்படிப் போனது. மாமா மறுபடியும் குஜராத்துக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டார். வேலைக்கு ஆள் பிடிக்கிறவரின் வேன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். அம்மா அடுப்படியில் அவரிடம் சண்டை போட்டாள்.

"அவரு ஒரே ஒரு வார்த்த இருடான்னு சொல்லட்டும்க்கா. நான் ஏன் போறேன்?" என்றார் மாமா.

அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்து, "போறவன யாரு புடிச்சி வச்சிருக்காங்கன்னு சொல்லு" என்றார். நான் எழுந்து இரண்டு அடி போனேன். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரிப் பானைப் பக்கம் திரும்பிவிட்டேன். நான் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒரே சேதி அதுதான். அப்பா கேட்டால் என்ன சொல்வது என்று அன்று முழுக்க அவர் கண்ணில் படாமல் சுற்றினேன். அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தொடர் ஆரம்பித்தபோது திரை முழுக்க வெள்ளை. கண்ணுக்கெட்டிய தூரம் குவியல் குவியலாக வெள்ளை.

"ஐ, உப்பு!" என்றான் தம்பி.

மாமா கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தார். "ஆமாண்டா. உப்புதான்" என்றார்.

நடுவில் அரை மீசை கையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்கிறார். பையன் தூரத்திலிருந்து ஓடிவந்து அவர் பின்னால் முட்டி போட்டு விழுகிறான். வாய் அசைகிறது.

"தலைவரே," என்றார் மாமா கீச்சுக் குரலில், "உப்பு போச்சு தலைவரே. என்னாலதான் போச்சு."

ஜப்பானிலும் உப்பளம் இருக்கிறது, அங்கேயும் வேண்டாத நேரத்தில் மழை பெய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊர்க்காரர்கள்மேல் பாவமாக இருந்தது.

"மூடி வைக்க வேண்டியத தூக்கி ஊருக்குக் குடுத்துட்டேன். கொழந்தைங்க வெயில்ல நின்னுதுங்க, மனசு கேக்கல, குடுத்துட்டேன். நீங்க காலு வெடிக்க நின்னு வாருனது. ஒரு மணி நேரத்துல தண்ணியா ஓடிப்போச்சு." கீச்சுக் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மாமாவின் சொந்தக் குரலாகிவிட்டிருந்தது. "ரெண்டு அடி அடிச்சிடுங்க மாமா. நாலு பேரு எதுர்ல திட்டிடுங்க. இப்டி பேசாம மட்டும் இருக்காதீங்க."

"தலைவரேன்னு சொல்லணும் மாமா" என்று நான் திருத்தினேன். அவர் எங்கள் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டது என்று நினைத்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அம்மா கரண்டியோடு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். அப்பாவின் கை எண்ணெயோடு பாதத்தின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

மாமா அழுதார். டிவியில் பையனும் அழுதான். அப்போது பார்த்து அவன் தலை வீங்கியது.

டொய்ங். மூக்கில் பலூன். முட்டி போட்டிருந்தவன் வெள்ளையில் வழுக்கிச் சறுக்கிக்கொண்டே போய் அரை மீசையின் பாதத்தின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான். அரை மீசைக்கும் தலை வீங்கிவிட்டது. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லு மாமா! அரை மீசை இன்னா சொல்றாரு?" என்று தம்பி கத்தினான். அரை மீசையின் வாய் திறந்து திறந்து மூடியது. குரல் வரவில்லை. எனக்கு அந்தத் தொடரின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒருத்தன் இவ்வளவு அழுகிறான், அவனைப் போய்ச் சறுக்கிவிடுகிறார்களே.

"கால வுட்றா மொதல்ல."

அண்டாவுக்குள்ளிருந்து வருகிற அதே குரல். ஆனால் மாமா வாயைத் திறக்கவில்லை. குரல் வாசல்படியிலிருந்து வந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"வுட்றா டேய், பூசணி மண்டையா. கால்ல ஏற்கனவே புண்ணு. ஊருக்கெல்லாம் பந்தல் போட்ட பெரிய மனுசன். எனக்கு ஒரு பொட்டலம் பிரியாணி கொண்டாரணும்னு தோணிச்சாடா ஒனக்கு?"

டிவியில் அரை மீசை பையனை உதறிக்கொண்டு நொண்டினார். சொல்லி வைத்ததுபோல் பொருந்தியது. பிள்ளைகளின் சிரிப்பில் வீடு அதிர்ந்தது.

எனக்குத்தான் தாங்கவில்லை. "அப்பா, உனக்குதான் ஹிந்தி தெரியாதே! நீ ஏன் பேசுற? கதையக் கெடுக்காத!" என்று எழுந்தேன். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு வந்து என் வாயைப் பொத்திப் பின்னால் இழுத்தாள். நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா என்று பயந்துபோனேன். பிரியாணி என்று வேறு சொல்லிவிட்டாரே, ஐஸ்கிரீமும் தெரிந்திருக்குமோ என்று அந்தக் கைக்குள்ளேயே அழ ஆரம்பித்தேன்.

"பாத்தியெல்லாம் சேறும் சகதியுமா கெடக்குது" என்றார் அரை மீசை. "நாளைக்கு எறங்கி மிதிச்சி தரைய கெட்டியாக்குனாதான் சீசன் முடியறதுக்குள்ள இன்னொருவாட்டி வார முடியும். ஒண்டி ஆளு நான் எத்தினிய மிதிக்கிறது? நீ வேன்ல ஏறிட்டா யாருடா வந்து மிதிப்பா, உங்கக்காவா?"

டிவியில் பையன் எழுந்து நின்று, தலை பழைய அளவுக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாமா சுவரைப் பார்த்தபடியே மூக்கை உறிஞ்சினார்.

"எத்தினி மணிக்கு தலைவரே?" கீச்சுக் குரல்.

"அஞ்சு மணிக்கு. லேட்டா வந்த, உன் கத்தியாலயே வெட்டிடுவேன்."

விளம்பரம் வந்துவிட்டது. சோப்பு விளம்பரத்தை எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். அம்மா என்னை விட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே போனேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன். தெரியவில்லை.

காலையில் வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தபோது அப்பாவும் மாமாவும் உப்பளத்தில் இருந்தார்கள். நான் டீ கொண்டுபோனேன். முழங்கால் வரைக்கும் சேறாக, பாத்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்தார்கள். "உங்க மாமாவ டீ குடிக்க சொல்லு" என்பார் அப்பா என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. "டேய், டீ வந்துருச்சு" என்றார். எனக்கு வேலை போய்விட்டது மாதிரி இருந்தது.

ஐப்பசி மழையில் உப்பள வேலை நின்று எல்லோரும் வீட்டில் இருந்த சமயம், கேபிள்காரர் பெட்டியைச் சரி செய்ய வந்தார். ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினார். எங்கள் பையன் சுத்தமான தமிழில் பேச ஆரம்பித்தான்! சில நாளில் அதே வெள்ளைக் காட்சி மறுபடியும் வந்தது. மாமா கடைக்குப் போயிருந்தார். நானும் அப்பாவும்தான் பார்த்தோம். அப்பா அதற்குள் டிவியைப் பார்த்தே உட்கார ஆரம்பித்திருந்தார்.

பையன் ஓடிவந்து முட்டி போட்டான். வாயைத் திறந்தான். அரை மீசையிடம் இருந்த கடைசிக் கிண்ணம் கஞ்சியில் பாதி தரும்படி கேட்டான். குளிர் தாங்கவில்லையாம். பனி கொட்டுகிறதாம். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அப்பா, மாமா சொன்னதெல்லாம் பொய்ப்பா! அவன் கஞ்சிதான் கேக்குறான். அது உப்பே இல்லயாம், பனியாம்!"

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அரை மீசை ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார்.

"இவனுங்கதான் தப்பா சொல்றானுங்க பாப்பா" என்றார். "உங்க மாமா சொன்னதுதான் கரெக்டு."

அப்பா அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதும் நான் நம்பிவிட்டேன். மாமாவைச் சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் வருத்தப்பட்டேன். டிவிக்காரர்கள் இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு ஊர் முழுக்கக் காட்டுகிறார்களே, யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா, சொன்னால் அவர்களுக்கு வேலை போய்விடுமோ என்று அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்குக் கவலை.