முசுறுகள் போன வழி

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவன். மன்னியுங்கள். ஆனால் செம்பூர் காலனி செக்ரட்டரியை நான் மன்னிக்கவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அங்கே நான் தோட்டக்காரன். உதிர்ந்த இலைகளை அள்ளி வெளியே கொட்டாமல் மாமரங்களின் அடியில் குவித்து வைப்பேன், மண் காயாது. ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். செக்ரட்டரி நாலைந்து பேரோடு வந்தார். மக்கிய இலையில் ஒரு பிடி எடுத்து என் சோற்றில் போட்டார்.

“இந்தக் குப்பைன்னா உனக்கு உசிராச்சே! கூட்டா வெச்சுண்டு சாப்பிடு.”

எல்லோரும் சிரித்தார்கள். டப்பாவை மூடினேன்.

அடுத்த வாரம் சயான் பக்கம் ஒரு மரத்திலிருந்து முசுறுக் கூட்டைக் கிளையோடு ஒடித்தேன். முசுறு என்பது இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கடித்தால் தீப்பட்டதுபோல் இருக்கும். சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோய், அவர் பால்கனியைத் தொட்டு நிற்கும் மாமரத்தில் வைத்தேன். வழியில் என் கழுத்தைக் கடித்தவற்றைக்கூட நசுக்கவில்லை. அவருக்கு வேண்டுமே.

முசுறுகள் பால்கனிப் பக்கமே போகவில்லை. மரத்திலேயே தங்கி, பூவைத் தின்னும் புழுக்களை இழுத்துப் போயின. அந்த வருஷம் மரம் காய்த்துத் தொங்கியது. அதற்குக் காரணம் கேட்க, தோட்டங்களை ஆராயும் ஒரு பெண்ணைக் காலனி அழைத்தது. தோட்டம் இயந்திரமில்லை என்றாள் அவள். எறும்பு, புழு, மண், மனிதர் எல்லாம் ஒன்றையொன்று இழுக்கும். ஓரிடத்தைத் தொட்டால் எங்கே அசையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கொஞ்சம் செய்து, பொறுத்துப் பார்த்து, பிறகுதான் அடுத்ததைச் செய்ய வேண்டும். எல்லோரும் கைதட்டி, அந்த விளைச்சலுக்காகச் செக்ரட்டரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த பூக்காலத்தில் அவர் வீட்டு விருந்தாளியை முசுறு கடித்தது. அன்றே ஆள் வைத்து மருந்து அடித்தார். முசுறுகள் செத்தன. புழு ஏறிப் பூவெல்லாம் கருகியது. என்னைத் தேடி வந்தார்.

“அந்த எறும்பை நீதான் கொண்டு வந்தியாம், வாட்ச்மேன் சொன்னான். இன்னொரு கூடு கொண்டு வாயேம்பா.”

“இப்பம் எங்கயும் கிடைக்கல சார்.”

“கொஞ்சம் தேடிப் பாரேன்.”

“தேடுதேன் சார்.”

நான் பஸ் ஏறும் இடத்தில் ஒரு புங்க மரம் முழுக்கக் கூடுகள். தினமும் அண்ணாந்து பார்க்கிறேன். மாமரம் என்ன பாவம் செய்தது என்று சில நாள் தோன்றும். பிறகு அந்தச் சிரிப்பு காதில் கேட்கும். பஸ் ஏறிவிடுவேன்.

2024 ஜூன் 9, ஞாயிறு.