விமானத்தில் ஒட்டிய சிவப்புக் கோடு

என் பீரோவுக்கு மேல் ஒரு பொம்மை விமானம் கிடக்கிறது. ஒரு முழ நீளம் இருக்கும். தீப்பெட்டி செய்யச் சீவுகிற மெல்லிய மரத்தகட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, ஒட்டிச் செய்தது. உடம்பெல்லாம் வெள்ளைச் சாயம். மூக்கிலிருந்து வால்வரை இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குச் சாயம் பிய்ந்து மரம் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எலி கரண்டியதா என்று கேட்கிறார்கள். எலி என்றால் பொறி வைத்திருப்பேனே.

செய்தவன் என் அண்ணன். எழுபதுகளின் கடைசியில் அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி; எங்கள் ஊரில் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடம் முடித்த அண்ணன் அங்கேயே எடுபிடி வேலை பார்த்தான். கையில் அகப்பட்ட மரத்தகட்டையெல்லாம் விமானமாக்கிக்கொண்டிருந்தான். ஒருநாள் அதில் ஒன்றைப் பார்த்த முதலாளி, "ஏலே, ஆயுத பூஜைக்கு இத மாதிரி பெருசா ஒண்ணு செஞ்சு கொண்டா. ஆபீஸ் நடுவுல தொங்க விடுவோம். மெட்ராஸ்ல ஏரோப்ளேன் ரிப்பேர் படிக்கிற எடத்துல நமக்கு ஆள் இருக்கு, சேத்துவிடுதேன்" என்றார். அன்றிலிருந்து அண்ணன் தரையில் நடக்கவில்லை. வீட்டில் யார் என்ன சொன்னாலும், "மெட்ராஸ் போயி பேசிக்கிடுவோம்" என்பான். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

விமானத்துக்கு உயிரே மூக்கிலிருந்து வால்வரை ஓடுகிற கோடுதான் என்பான். சாயத்தால் இழுத்தால் அலைபாயும், காகிதத்தில் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். அதற்கு அவன் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அது வேறெந்த ஊர்க்காரனுக்கும் தோன்றாது. தீப்பெட்டி லேபிளை வெட்டாத முழுத்தாளாகப் பார்த்தால், வரிசைக்கு வரிசை ஓரத்தில் நீளமாக ஒரு பட்டை ஓடும். அச்சில் வந்த நேர்க்கோடு. அந்த ஓரத்தை வெட்டி எடுத்தால் போதும். பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய பேப்பர் கடையில், கடலை மடிக்க, லேபிள் அச்சில் கழிந்த தாள்களைப் போட்டிருப்பார்கள். அங்கே புரட்டிப் பார்த்து, மஞ்சள் விளிம்பு வைத்த சிவப்புப் பட்டை ஓடும் தாளை எடுத்து வந்தான். கண்ணாடிச் சட்டத்தின் மேல் தாளை விரித்து, இரும்பு ஸ்கேலை அழுத்தி, பாதி பிளேடால் ஒரே இழுப்பு. நடுவில் கை நின்றால் அந்தத் துண்டைத் தூர எறிந்துவிடுவான். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்ட மைதாப் பசை. பசை பட்டதும் காகிதம் நீண்டு கொடுக்கும், உடனே ஒட்டினால் காய்ந்தபிறகு சுருங்கிக் கோணும். ஆகவே சற்று ஊறவிட்டு, மூக்கில் பதித்து, ஈரத்துணியால் வால்வரை நீவிக்கொண்டே போவான். அப்போது நான் பேசினால்கூட, "ஏட்டி, மூச்சு விடாத" என்பான். முடித்துவிட்டு எழுந்தபோது அது நிஜமாகவே பறக்கப்போகிற மாதிரி இருந்தது. பூஜைக்கு முன்னால் யார் கண்ணிலும் படக்கூடாது என்று வேட்டியால் மூடி வைத்தான். அப்பாவுக்குக்கூடக் காட்டவில்லை.

பூஜையன்று ஊர் வியாபாரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். விமானத்தை உத்தரத்தில் தொங்கவிட்டு அண்ணன் அதை மூடியிருந்த வேட்டியை உருவினான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பாவின் முகம் செத்துவிட்டது. அப்போதுதான் எனக்கும் புரிந்தது. எங்கள் முதலாளியின் லேபிள் நீலம். மஞ்சள் விளிம்பு வைத்த சிவப்பு, அவரோடு முகம் கொடுத்துப் பேசாத மேலத்தெரு முதலாளியின் லேபிள். கோவில்பட்டியில் எழுதப் படிக்கத் தெரியாதவன்கூட அந்தப் பட்டையைப் பார்த்தே பெட்டி யாருடையது என்று சொல்லிவிடுவான். அண்ணனுக்கு மட்டும் அது வெறும் கோடு.

முதலாளி சத்தம் போடவில்லை. "எம் பூஜையில அவனுக்குச் சாம்பிராணி போட வச்சிட்டியேலே" என்றார் சிரித்துக்கொண்டே.

"மொதலாளி, நெசமா தெரியாது. நீலத்தாள்ல ஓரம் மசங்கிக் கெடந்துச்சு, அதான்..." என்றான் அண்ணன். அதைவிட வேறு எதையாவது சொல்லியிருக்கலாம் பாவி.

"எங்க லேபிள் மசங்கிக் கெடக்கோ?" என்றார் அவர். அப்பா கயிற்றை அறுத்து விமானத்தை அவன் கையில் திணித்தார். "உரிலே! இங்கனயே உரி!" பசை நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டச் சுரண்டச் சாயமும் சேர்ந்து வந்தது. அத்தனை பேர் பார்க்க இரண்டு பக்கமும் உரித்து முடித்தபின்தான் தீபாராதனை காட்டினார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். எல்லோரும் தின்றார்கள். அப்பா அடுப்பில் போட வைத்திருந்த விமானத்தை நான்தான் எடுத்து ஒளித்தேன்.

மெட்ராஸ் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தவுமில்லை. லேபிள் வெட்டும் இடத்தில் உட்காரவைத்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை நீலத்தாள். அதைத் தயவு என்று சொல்லி அப்பா சாகும்வரை அவரைக் கும்பிட்டார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கல்யாணம். எங்கள் முதலாளியின் மகளை மேலத்தெரு முதலாளியின் மகனுக்குக் கொடுத்தார்கள். வாசலில் இரண்டு முதலாளிகளும் தோளில் கைபோட்டு நின்று, "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார்கள். சம்பந்தி ஆகிவிட்டார்களாம்! என் அண்ணன் வாழ்க்கையை உரித்துப் போட்ட பகை ஒரு பந்திச் சாப்பாட்டில் தீர்ந்துபோயிற்று. தாம்பூலப் பையில் வெற்றிலையோடு ஒரு தீப்பெட்டியும் இருந்தது. நீல லேபிளின் நடுவில், மஞ்சள் விளிம்பு வைத்த சிவப்புப் பட்டை.

அண்ணன் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான். "கோணலா இருக்கு" என்றான். பிறகு, "அந்த ஏரோப்ளேன இன்னும் வச்சிருக்கியாட்டி?" என்று கேட்டான். தலையாட்டினேன். பெட்டியை என் கையில் வைத்து அழுத்தினான். "இதுல குச்சி இருக்கு. போயி கொளுத்திரு."

வீட்டுக்கு வந்து விமானத்தை இறக்கினேன். குச்சியைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, அவனுடைய பழைய இரும்பு ஸ்கேலைத் தேடி எடுத்து, சாயம் பிய்ந்த இடத்தின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்கிலிருந்து வால்வரை ஒரு நூல்கூடப் பிசகவில்லை. குச்சியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, விமானத்தைத் திரும்ப மேலே வைத்தேன்.