அங்கம்மா கவுண்டர் கோல் காத்த வியாழக்கிழமை

ஃபிஜித் தீவில், வைதோவு பேருந்து நிலையத்தில் மூன்றாவது கடை அங்கம்மா கவுண்டருடையது. காலை ஐந்தே முக்காலுக்கு அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் பதினொன்றரைக்குள் நூற்றிருபது ரொட்டி சுட்டு, உள்ளே உருளைக்கிழங்கோ டின் மீனோ வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார். ரொட்டியைப் பற்றி அவருக்குப் பெரிய கருத்து எதுவும் கிடையாது. யாராவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் "ரொட்டிதானே" என்பார். அவருடைய கருத்தெல்லாம் பந்தைப் பற்றித்தான்.

சொந்த ஊரில் வைதோவு அணி ஆடிய ஆட்டங்களில், முப்பத்தொரு வருடத்தில், அவர் பார்க்காமல் விட்டவை இரண்டு. ஒன்று மூத்த மகள் பிறந்த அன்று. இன்னொன்று புயலில் பாலம் அடித்துக்கொண்டு போன அன்று. அன்று ஆட்டமே நடக்கவில்லை. ஆனாலும் தான் கிரவுண்டில் இல்லை என்பதால் அதையும் விட்டதாகவே சொல்வார்.

வைதோவு ஜெயித்தால், நன்றாக ஆடினார்கள் என்று அர்த்தம். தோற்றால் குற்றம் நடுவருடையது. நடுவரைக் குறை சொல்ல வழியில்லாமல் தோற்றால் புல் சரியில்லை. புல்லும் ஒழுங்காக வெட்டியிருந்தால், ஆட்டக்காரர்களுக்கு மதியம் என்ன சாப்பாடு போட்டீர்கள் என்று கிளப் செயலாளர் ஃபாரூக் பாயை விசாரிப்பார். பாய் அதற்குப் பயந்தே ஆட்டத்துக்கு மறுநாள் இரண்டு கடை தள்ளி ரொட்டி வாங்குவார்.

நாட்டு அணி விஷயத்தில் அவர் கொள்கை இன்னும் எளிமை. ஃபிஜி அணியில் வைதோவு ஆள் ஒருவரும் இல்லையென்றால், தோற்றது அதனால்தான். ஒருவர் இருந்தும் தோற்றால், மற்ற பத்துப் பேரும் வைதோவு ஆள் இல்லை, அதனால் தோற்றது. நியூசிலாந்திடம் தோற்ற ஒரு தடவை, தினமும் கடை முன்னால் முக்காலி போட்டு உட்காரும் வில்லியாமேயிடம் இப்படிச் சொன்னார்:

"நம்ம ஆளுங்க பந்தைக் கல்யாணப் பந்தியில பாயசம் மாதிரி நீட்டுறானுங்க அண்ணா. நீங்க சாப்பிடுங்க, ஐயோ இல்ல நீங்க சாப்பிடுங்கன்னு. நியூசிலாந்துக்காரன் இந்த உபசாரமெல்லாம் பாக்கல. எடுத்துக் குடிச்சுட்டுப் போயிட்டான்."

வில்லியாமே ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். ஃபிஜியக் கிராமத்தில் பிறந்தவர். மலைப்பாதையில் நாற்பது வருடம் ஓட்டியதால் எதற்கும் பதறமாட்டார். "நீ ரேடியோவுக்குப் பேசு அங்கம்மா," என்றார். "இங்க என்கிட்ட மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது."

அந்த யோசனையைச் சொன்னதற்காகப் பிறகு அவர் நிறைய வருத்தப்பட்டார். அங்கம்மா திங்கட்கிழமைதோறும் காலை ரேடியோவின் விளையாட்டு நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேச ஆரம்பித்தது அப்போதிருந்துதான். மூன்றே மாதத்தில் தீவு முழுக்க அவருக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

மாவட்டக் கோப்பையின் கடைசி லீக் ஆட்டத்தில் வைதோவு ஒன்றுக்கு மூன்று என்று தோற்றது. மற்ற ஆட்டங்களின் புண்ணியத்தில் எப்படியோ அரையிறுதிக்கு நுழைந்துவிட்டது. திங்கட்கிழமை ரேடியோவில் கோல்கீப்பர் எப்பேலியைப் பற்றி அங்கம்மாவைக் கேட்டார்கள்.

"கோல்கீப்பரா அது?" என்றார் அங்கம்மா. "வாசல்ல தொங்குற திரைங்க. காத்து வந்தா ஒதுங்கி வழி விடுது."

மதியத்துக்குள் ஊரே எப்பேலியைத் திரை என்று கூப்பிட்டது. சந்தையில் ஒருவன் அவனைப் பார்த்துப் பூப்போட்ட துணி ஒன்றை விரித்து ஆட்டிக் காட்டினான். செவ்வாய்க்கிழமை காலை எப்பேலி கையுறைகளை ஃபாரூக் பாய் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, ஆற்றுக்கு அப்பாலுள்ள தன் கிராமத்துக்குப் போய் மரவள்ளி நட ஆரம்பித்துவிட்டான். அரையிறுதி சனிக்கிழமை.

புதன்கிழமை ஃபாரூக் பாய் நேரே மூன்றாவது கடைக்கே வந்தார்.

"அக்கா, நம்மகிட்ட இன்னொரு கீப்பர் யார் இருக்கான்னு தெரியுமா?"

"இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பிரகாஷ்."

"அவன் கண்ணாடி போட்டாத்தான் பந்து தெரியும். கண்ணாடி போட்டா பந்து வர்றப்ப கண்ணை மூடிக்கிறான்."

அங்கம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். அது கருகியிருந்தது. அந்தக் கடையில் ரொட்டி கருகி யாரும் பார்த்ததில்லை.

"என்ன செய்யணும்?" என்றார்.

"புலுபுலு செய்யணும்," என்றார் முக்காலியிலிருந்து வில்லியாமே. "யங்கோனா வேர் ஒரு கட்டு எடுத்துக்கிட்டுப் போய், அவங்க ஊர்த்தலைவர் முன்னால வெச்சு மன்னிப்புக் கேக்கணும். தலைவர் வேரைத் தொட்டுக் கைதட்டிட்டா விஷயம் முடிஞ்சது. அதுக்கப்புறம் எப்பேலி கோபமா இருக்கவே முடியாது. முறை அப்படி."

"நான் என்ன பேசணும்?"

"நீ பேசவே கூடாது. உனக்குப் பதிலா நான் பேசுவேன். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காரணும், அவ்வளவுதான். முடியுமா?"

"ஒரு மனுஷிக்கு வாயை மூடிக்கிட்டு உக்காரத் தெரியாதா?" என்றார் அங்கம்மா. ஃபாரூக் பாய் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அவர்கள் ஊர்த்தலைவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கம்மா முழங்காலுக்குக் கீழ் வரை துணி சுற்றி, தலைமுடியை இறுக்கிக் கட்டி, பாயின் நாலாவது கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே தலைவர். அவர் பக்கத்தில் எப்பேலியின் சித்தப்பாமார் ஐந்து பேர். மூலையில் எப்பேலி, காலில் தோட்டத்துச் சேறு காயாமல், சுவரைப் பார்த்தபடி. நடுவில் வேர்க்கட்டு.

வில்லியாமே பேச ஆரம்பித்தார். நன்றாகவே பேசினார். இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடும் ஆற்றைப் பற்றிச் சொன்னார். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒரே படகில் போன காலத்தைச் சொன்னார். தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார். அவருடைய கை மெல்ல வேரை நோக்கி நகர்ந்தது. அதைப் பார்த்த உற்சாகத்தில் வில்லியாமே கொஞ்சம் தாராளமாகிவிட்டார்.

"இந்த அம்மா ஏதோ தெரியாம சொல்லிட்டாங்க," என்றார். "அன்னிக்கு நாம தோத்தது ஒரே ஒரு கோல்ல. அந்தப் பந்து சுறா மாதிரி வந்துச்சு. அதை எந்த மனுஷனாலயும் பிடிச்சிருக்க முடியாது."

அங்கம்மாவின் காது சிவந்தது. பாயின் நாலாவது கோட்டை விட்டுவிட்டு ஐந்தாவது கோட்டைப் பார்த்தார். ஆறாவதைப் பார்த்தார். அதற்கு மேல் பாயில் கோடு இல்லை.

"மூணு கோல்," என்றார்.

தலைவரின் கை வேருக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"அங்கம்மா," என்றார் வில்லியாமே பல்லைக் கடித்துக்கொண்டு.

"மன்னிப்புக் கேக்க வந்த இடத்துல பொய் சொல்லலாமா அண்ணா? மூணு கோல். மூணாவது உருண்டு வந்துச்சு. ஓரடி முன்னால வந்திருந்தா என் பேத்தி பிடிச்சிருப்பா. அவளுக்கு ரெண்டு வயசு."

எப்பேலி முதல் தடவையாகத் திரும்பினான்.

"முன்னால வந்திருந்தா அடிச்சவன் பந்தை என் தலைக்கு மேல தூக்கிப் போட்டிருப்பான்," என்றான்.

"அவனா? அவன் இடது கால் ஆட்டக்காரன் தம்பி. பந்து கிடந்தது வலது கால்கிட்ட. வலது கால்ல தூக்கிப் போடுறதுக்கு அவன் மறுபடி பிறந்து வரணும்."

"இடது கால்தான்," என்றார் ஒரு சித்தப்பா தற்செயலாகச் சொல்வதுபோல.

"சித்தப்பா!"

"இல்லடா. நான் அன்னிக்கே நினைச்சேன். சொந்தப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"முதல் கோல் கூட," என்று ஆரம்பித்தார் இன்னொரு சித்தப்பா, "கொஞ்சம் வலது பக்கம் நின்னிருந்தா..."

ஆட்டம் முடிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்காமல் சேர்த்து வைத்திருந்த கருத்தெல்லாம் வெளியே வர ஆரம்பித்தது. ஐந்து சித்தப்பாக்களும் ஆறு விதமாகப் பேசினார்கள். ஒருவர் பாயின் மேல் தேங்காய் மூடிகளை வைத்து இரண்டாவது கோலை நடத்திக் காட்டினார். வில்லியாமே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மலைப்பாதையில் பிரேக் போன அன்றுகூட அவர் அப்படிச் செய்ததில்லை.

எப்பேலி எழுந்து நின்றான். கூரை தலையில் இடித்தது.

"எல்லாருக்கும் எல்லாம் தெரியுது," என்றான். "அக்கா, நீங்க வந்து நில்லுங்க. நான் அடிக்கிறேன். பாக்கலாம்."

வில்லியாமே தலைவரைப் பார்த்தார். தலைவர் வேரைப் பார்த்தார், எப்பேலியைப் பார்த்தார், அங்கம்மாவைப் பார்த்தார். "வேர் எங்கயும் போயிடாது," என்றார். "முதல்ல இதைப் பாத்துடலாம்."

கிராமத்துப் புல்வெளியில் மூங்கிலால் கட்டிய கோல் ஒன்று இருந்தது. அங்கம்மா துணியை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் நடுவில் நின்றார். தேவாலயத்துப் பாட்டுக்குழு பயிற்சியை நிறுத்திவிட்டு வந்து வரிசையாக உட்கார்ந்தது.

முதல் பந்து போனதை அவர் பார்க்கவில்லை. இரண்டாவதைப் பார்த்தார், போன பிறகு. மூன்றாவதற்கு ஓரடி முன்னால் வந்தார். பந்து தலைக்கு மேலே போய் விழுந்தது. பாட்டுக்குழு நாலு குரலில் சிரித்தது.

"அது வேற," என்றார் அங்கம்மா மூச்சு வாங்க. "நீ வலது காலு."

பதினெட்டுப் பந்து போயிற்று. அவர் விழுந்தது ஆறு தடவை, அதில் இரண்டு தடவை பந்து வருவதற்கு முன்பே. பதினெட்டாவதற்குப் பிறகு வில்லியாமே, "கையை விரிச்சு நில்லேன்," என்று ஓரத்திலிருந்து சொன்னார். அங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"வெளிய உக்காந்துக்கிட்டுச் சொல்றது ரொம்ப சுலபம் அண்ணா," என்று அவர் பக்கம் திரும்பிக் கத்தினார். "இங்க வந்து நின்னு பாருங்க, அப்ப தெரியும்."

அந்த நேரத்தில் எப்பேலி அடித்த பத்தொன்பதாவது பந்து அவர் முதுகில் பட்டுத் திரும்பியது.

அங்கம்மா குப்புற விழுந்தார். புல்லில் முகம் இருக்க, தான் கடைசியாகச் சொன்ன வார்த்தை அவருக்கே கேட்டது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

எப்பேலி ஓடி வந்து தூக்கினான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "இசா, பாவம் அக்கா," என்றான். "பிடிச்சுட்டீங்க."

"பிடிச்சேன்ல?"

"முதுகால."

"எதால பிடிச்சா என்ன, கோல் ஆகல," என்றார் அங்கம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, திரைன்னு சொன்னது தப்பு. திரைக்குக் கூட இவ்வளவு வலிக்காது," என்றார்.

எல்லாரும் வீட்டுக்குள் திரும்பினார்கள். தலைவர் இந்தத் தடவை யாரையும் பேச விடவில்லை. வேரைத் தொட்டார். கையைக் குவித்து மூன்று தடவை தட்டினார். வில்லியாமே முறைப்படி பதிலுக்குத் தட்டினார், கொஞ்சம் அவசரமாக, வேறு யாரும் எதையும் சொல்லிவிடுவதற்கு முன்னால். யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்தார்கள். முதல் சிரட்டை தலைவருக்கு, இரண்டாவது வில்லியாமேவுக்கு, மூன்றாவது கோல்கீப்பர்களுக்கு என்றார் ஒரு சித்தப்பா. எப்பேலியும் அங்கம்மாவும் அடுத்தடுத்துக் குடித்தார்கள்.

கிளம்பும்போது எப்பேலி ஒரு நிபந்தனை போட்டான். சனிக்கிழமை அங்கம்மா பார்வையாளர் மேடையில் உட்காரக் கூடாது. அவனுடைய கோலுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும்.

"ஏன்?"

"அங்கேருந்து ஒரு தடவை பாருங்க."

சனிக்கிழமை எதிரணி கிழக்குக் கரைக்காரர்கள். அங்கம்மா வலைக்குப் பின்னால் மஞ்சள் சட்டையில் நின்றார். நாற்பதாவது நிமிடத்தில் கிழக்குக் கரை ஒரு கோல் போட்டது. வழக்கமான இடத்தில் அவர் இருந்திருந்தால் அதற்குப் பத்து நிமிட விளக்கம் கிடைத்திருக்கும். அன்று, நிஜ ஆட்டத்தில், பந்து முதல் தடவையாக அவரை நோக்கி வந்தது. வலை இருக்கிறது என்பதை மறந்து அவர் ஒதுங்கிவிட்டார். எப்பேலி திரும்பி அவரைப் பார்த்தான். அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

எண்பதாவது நிமிடத்தில் வைதோவு சமன் செய்தது. ஆட்டம் பெனால்டிக்குப் போனது. இரண்டு பக்கமும் நாலு நாலு. வைதோவின் ஐந்தாவதும் உள்ளே போயிற்று. கிழக்குக் கரையின் ஐந்தாவதை எப்பேலி தடுத்தால் இறுதி ஆட்டம்.

அடிக்க வந்தவன் பந்தைத் துடைத்து வைத்தான். எப்பேலி கையுறையை இழுத்து விட்டபடி பின்னால் திரும்பினான்.

"அக்கா, எந்தப் பக்கம்?"

முப்பத்தொரு வருடமாக யாராவது ஆட்டக்காரர் ஒருவர் தன்னிடம் இதைக் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தவர் அவர். இப்போது தலைக்குள் ஒன்றுமே இல்லை. நூற்றிருபது ரொட்டிதான் இருந்தது.

"இடது," என்றார், இடது கையையும் நீட்டிக் காட்டி.

எப்பேலி தலையாட்டினான். நடுவர் விசில் ஊதினார். அவன் வலது பக்கம் பாய்ந்தான். பந்து அவன் நெஞ்சில் இருந்தது.

கூட்டம் வேலியைத் தாண்டி உள்ளே வந்தது. ஃபாரூக் பாய் யாரோ ஒருவருடைய தோளில் அழுதார். எப்பேலி எல்லாரிடமிருந்தும் தன்னை விடுவித்துக்கொண்டு வலையருகே வந்தான்.

"அக்கா, நீங்க சொன்ன பக்கம் போயிருந்தா இந்நேரம் பந்து வலைக்குள்ள இருந்திருக்கும்."

அங்கம்மா வலை வழியாக அவனைப் பார்த்தார். அதற்குள் அவருக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது.

"உனக்கா சொன்னேன்?" என்றார். "நான் கையை நீட்டினதை அவன் பாத்தான்ல. நீ இடது பக்கம் போவேன்னு நெனச்சு வலது பக்கம் அடிச்சான். இல்லைன்னா அவன் எதுக்கு அங்க அடிக்கப் போறான்?"

எப்பேலி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். திரும்பி, பந்து வைத்திருந்த இடத்தைப் பார்த்தான். அங்கிருந்து அங்கம்மாவின் கை தெரியுமா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"தெரியும்தான் போலிருக்கு," என்றான்.

"தெரியும். அதுக்குத்தான் மஞ்சள் சட்டை," என்றார் அங்கம்மா. "இறுதி ஆட்டத்துக்கு ஃபாரூக் பாய்கிட்ட எனக்கு இங்க ஒரு நாற்காலி போடச் சொல்லு. நின்னு நின்னு கால் வலிக்குது."